இரும்புக்கு அடங்காத சோகை

கர்ப்பஸ்திரீ ஒருத்தி வெளுத்த முகத்தோடு ஆஸ்பத்திரிப் படியேறி வந்தால் நம் தேசத்தில் எவரும் ஆச்சரியப்படுவதில்லை. வயிற்றில் வளரும் சிசு தனக்கு வேண்டிய இரும்புச் சத்தைத் தாயின் உடம்பிலிருந்து கேளாமலே எடுத்துக்கொள்வதாலும், வெறுங்காலோடு வயலிலும் கொல்லையிலும் நடப்பவர்களின் குடலில் கொக்கிப்புழு குடியேறி நாள்தோறும் ரத்தத்தை உறிஞ்சிவிடுவதாலும், ஒரு பிரசவத்தின் களைப்பு ஆறுவதற்குள் மறு கர்ப்பம் வந்து சேர்வதாலும், நம் பெண்களில் மிகப் பலருக்கு ரத்தம் குறைவது சர்வசாதாரணமான சங்கதியாகிவிட்டது. இரும்பு கலந்த மருந்தைக் கொடுத்து, புழுவையும் வெளியேற்றினால், இவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். நான் எழுத முற்படுவது அவர்களைப் பற்றியன்று. இரும்பு கொடுத்தும் தேறாத சிலரைப் பற்றி. வைத்திய நூல்களில் அபூர்வமானவை என்று கடைசிப் பக்கங்களில் ஒதுக்கப்பட்ட சோகைகளைச் சுமந்துகொண்டு வந்து, மருந்தைச் சாப்பிடாதவள், வேலைக்குக் கள்ளி, சொன்ன பேச்சுக் கேளாதவள் என்று வீட்டாரிடமும் வெளியாரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பற்றி. என் வைத்திய வாழ்வை நினைக்கும்போதெல்லாம் மற்ற எவரையும்விட இவர்களே முதலில் முன்வந்து நிற்கிறார்கள்.

சென்னை வைத்தியக் கல்லூரியில் படிப்பை முடித்துப் பிரசவப் பயிற்சிக்காகச் சேப்பாக்கத்துக் கோஷா ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். சுதந்திரம் வந்தபின் அதற்குக் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பெற்றிருந்தது. ஆனால் திருவல்லிக்கேணியில் ரிக்ஷாக்காரரும் பூக்காரியும் அன்றும் சொன்ன பெயர் கோஷா ஆஸ்பத்திரிதான். 1875இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்ந்த நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால், அந்நிய ஆடவர் கண்ணில் படவும் கைபடவும் இசையாத பெண்களுக்கென்றே 1885இல் தோன்றியது அந்த ஆஸ்பத்திரி. கடற்காற்று வார்டுகளுக்குள் தாராளமாக வீசும். முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும், அக்கம்பக்கத்துக் குப்பங்களிலிருந்து வரும் மீனவப் பெண்களும், அக்கிரகாரத்துப் பெண்களும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பார்கள்.

அங்கே நான் கண்ட ஒருத்தியை இங்கே சொல்ல வேண்டும். நாலாவது கர்ப்பம், ஏழாம் மாதம். வேறோர் இடத்தில் மாதக்கணக்கில் இரும்பு மருந்து வாங்கிச் சாப்பிட்டும், படி ஏறினால் மூச்சு வாங்கி, கால் வீங்கி, லேசான ஜுரமும் அடிக்கடி பேதியுமாகத் துவண்டுபோய் வந்திருந்தாள். கூட வந்த மாமியார், கேட்பதற்கு முன்பே குற்றப்பத்திரிகை படித்தாள்: "குடுத்த மருந்தையெல்லாம் கொல்லையிலே கொட்டியிருப்பா, டாக்டரம்மா. தின்னிருந்தா ரத்தம் ஊறாமலா போயிடும்?" அந்தப் பெண் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பேராசிரியை அவளை நாக்கை நீட்டச் சொன்னார். தோலுரித்த தக்காளிப் பழம்போல் சிவந்து, மேலிருக்க வேண்டிய சொரசொரப்பு அனைத்தும் அழிந்து, வழவழவென்று மின்னியது அந்த நாக்கு. "காரம் பட்டா உசிரு போவுதுங்க" என்றாள் மெதுவாக. விரல் கணுக்களின்மேல் தோல் கருத்திருந்தது. கண்ணின் வெள்ளையில் இளமஞ்சள் ஓடியிருந்தது.

ரத்தத்தை அளக்கும் வேலை எனக்கு விதிக்கப்பட்டது. இன்று யந்திரத்தில் எண் விழுவதைப் பார்க்கும் இளைஞர்கள் சாலி முறையை அறிந்திருக்கமாட்டார்கள். விரலைக் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் இருபது கன மில்லிமீட்டர்க் குறிவரை ரத்தத்தை வாயால் உறிஞ்சி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்ட சிறு குழாய்க்குள் ஊதிவிட வேண்டும். சிவப்பு மெல்லப் பழுப்பாக மாறும். அதன்பின் இரு பக்கத்திலும் நிற்கும் பழுப்புக் கண்ணாடிகளின் நிறத்துக்கு ஒத்துவரும்வரை, காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். நல்ல ரத்தமானால் குழாயின் மேற்பாதிவரை நீர் ஏறும். அவளுடைய ரத்தமோ, சில சொட்டு விடுவதற்குள்ளாகவே கண்ணாடியின் நிறத்தையும் கடந்து வெளிறத் தலைப்பட்டது. ஹீமோகுளோபின் நான்கு கிராமுக்கும் குறைவு. பிறகு கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி, லீஷ்மன் சாயமிட்டு, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தோம். இரும்புக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து நடுவில் வெளிறிக் கிடக்கும். இவளிடத்திலோ அவை சாதாரண அளவுக்கு மேல் பருத்து, முட்டை வடிவாக, நிறம் நிறைந்து கிடந்தன. மூன்று நான்கு கூறுகளாகப் பிரிந்திருக்க வேண்டிய வெள்ளணுவின் கரு, ஐந்தும் ஆறுமாகப் பிரிந்திருந்தது. மருந்தைக் கொல்லையில் கொட்டியவளின் ரத்தம் அன்று அது. அவள் ஒழுங்காகவே சாப்பிட்டிருந்தாள். அவள் உடம்புக்கு வேண்டியிருந்தது வேறொன்று.

பேராசிரியை வார்டுக்குத் திரும்பி வந்து, மாமியாரை ஏதோ ஒரு காரணம் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நேத்துக் காலையிலேருந்து என்னென்ன சாப்பிட்டே, வரிசையாச் சொல்லும்மா" என்று கேட்டார். அவள் யோசித்துச் சொன்னாள்: காலையில் டீத்தண்ணி, மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் பானையில் மீந்ததில் கொஞ்சம் புளித்தண்ணீர் ஊற்றிப் பிசைந்துகொண்டது, ராத்திரி வாய் எரிந்ததால் ஒன்றுமில்லை. கீரை வாங்குவதுண்டா என்றதற்கு, மாசமாயிருக்கிறபோது கீரை ஆகாது என்று மாமியார் ஆக்கமாட்டார்கள் என்றாள். பால், குழந்தைகளுக்கே போதவில்லை. எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அந்தப் பதிலின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகமிருக்கிறது. ஏனெனில் அவளுடைய வியாதியின் நிதானம் முழுவதும், ரத்தத் தகட்டில் தெரிந்ததற்குச் சற்றும் குறையாமல், அந்தப் பதிலில் அடங்கியிருந்தது.

அவளுக்குக் கொடுக்கப்பட்டது ஃபோலிக் அமிலம் என்னும் சிறிய மஞ்சள் மாத்திரை. சில நாட்களில் நாக்கின் எரிச்சல் அடங்கிற்று. வாரம் முடியுமுன், எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாகப் புறப்பட்ட இளஞ்சிவப்பணுக்கள் தகட்டில் கூட்டங்கூட்டமாகத் தென்பட்டன. ஒருநாள் காலை, தானாகவே எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது டாக்டரம்மா" என்று அவள் சொன்னபோது, பக்கத்துக் கட்டில்காரிகள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலை பேராசிரியை எங்களை உட்கார வைத்து ஒரு கதை சொன்னார். மகப்பேற்றுக் காலத்துக் கொடிய சோகையை 1842இலேயே பாஸ்டன் நகரத்து வால்ட்டர் சானிங் எழுதி வைத்திருந்தார். 1919இல் ஆஸ்லரும் அதைப் பற்றி எழுதினார். ஆனால் காரணம் எவருக்கும் பிடிபடவில்லை. 1928இல், பிரசவத்தில் தாய்மார் மாள்வதன் காரணத்தை ஆராயும் பணிக்காக, மார்கரெட் பால்ஃபர் என்னும் வைத்திய அம்மையாரின் அழைப்பை ஏற்று, லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாது பம்பாய்க்கு வந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்றபின் வைத்தியம் படித்தவர் அவர். ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு, கர்ப்பிணிகளின் ரத்தத்தை மட்டும் ஆராயாமல், அவர்கள் எதை உண்கிறார்கள், யாருக்குப்பின் உண்கிறார்கள் என்பவற்றையும் விசாரித்தார். ஆகாரம் மிகக் கேடாக இருந்த ஏழை முஸ்லிம் பெண்களிடமே இச்சோகை மிகுந்திருப்பதைக் கண்டார். 1929இன் கோடையில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து, அங்கே அந்தப் பெண்கள் உண்ட அதே ஆகாரத்தை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கர்ப்பமுற்ற எலிகள் சோகை கண்டு மாண்டன. ஈஸ்ட் சேர்த்து ஊட்டியவை பிழைத்தன. எலிகளைப் பேன் மூலம் பற்றிய ஒரு தொற்றும் அந்தச் சோகையில் கலந்திருந்தது என்று பின்னர்த் தெரிந்தபோது, தயங்காமல் எலிகளை விட்டுக் குரங்குகளிடத்தில் பரீட்சை செய்தார். சோகை கண்ட குரங்கு ஒன்று, ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்னும் மலிவான கறுத்த பசையை ஊட்டியதும் தேறியது. அதையே பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931இல் அச்செய்தி பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று.

"அந்த வருஷத் தொடக்கத்தில் அந்த அம்மாள் வேலை செய்த இடம் எது தெரியுமா? இந்த ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லி நிறுத்தினார் பேராசிரியை. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு மெய்சிலிர்த்தது. நாங்கள் தினமும் நடக்கும் வராந்தாக்களில் அந்த அம்மையார் ரத்தக் குழாய்களை ஏந்திக்கொண்டு நடந்திருக்கிறார் என்பதை எண்ணியபோது, வைத்திய சாஸ்திரம் என்பது கடல்கடந்த தேசங்களில் விளைந்து நமக்குப் புஸ்தகமாக வந்து சேரும் சரக்கு என்று அதுவரை கொண்டிருந்த எண்ணம் எனக்கு அடியோடு மாறிவிட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் இன்னதென்று தெரியாமலே பத்தாண்டுகள் கழிந்தன. வில்ஸ் காரணி என்றே அதை அழைத்து வந்தார்கள். 1941இல் டெக்ஸாஸில் டன் கணக்கில் பசலை வகைக் கீரையை அரைத்து வடித்து அதைச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிசாலையில், எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழுவினர் அதைச் செயற்கையாகவே செய்து முடித்தார்கள். பீமவரத்தில் 1895இல் பிறந்த சுப்பாராவ், திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். எங்கள் வைத்தியக் கல்லூரியின் மாணவர். கதர் உடுத்தி வந்த குற்றத்துக்காக உயர்ந்த பட்டம் மறுக்கப்பட்டு, சிறிய பட்டத்தோடு வெளியேறியவர். உடன்பிறந்தாரை அவரிடமிருந்து பறித்துக்கொண்ட ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கும் இந்த ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. 1948இல் நியூயார்க்கில் அவர் காலமானபோது நம் ஊரில் அவரை அறிந்தவர் சொற்பம். அவர் பையனாகப் புத்தகம் சுமந்து போன தெருவுக்கும், லூசி வில்ஸ் பணிசெய்த வார்டுக்கும் இடையே சிறிது நேர நடைதான். ஒருவர் ஏழைப்பெண்ணின் சோற்றுப்பானையிலிருந்து தொடங்கினார். மற்றவர் ரசாயனக் குடுவையில் முடித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததுண்டா என்பதைவிட, அவர்கள் இருவரின் உழைப்பும் என் நோயாளியின் உள்ளங்கையில் ஒரு மஞ்சள் மாத்திரையாக வந்து சேர்ந்ததே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

எல்லாச் சோகைக்கும் இப்படி மாத்திரை கிடைத்துவிடவில்லை. வேறோர் ஊரில் நான் பணியாற்றியபோது, பள்ளி ஆசிரியை ஒருத்தி முதற் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் வந்தாள். நல்ல ஆகாரம் உண்டவள், அன்பான புருஷன். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். முன்கைகளில் சிறு சிறு கருஞ்சிவப்புப் புள்ளிகள். சிவப்பணு, வெள்ளணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு ஆகிய மூன்றுமே வற்றிப்போயிருந்தன. மார்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்தபோது, தகட்டில் கொழுப்புத் துளிகளே மிதந்தன. ரத்தம் பிறக்க வேண்டிய களம் தரிசாகிவிட்டிருந்தது. இந்த வியாதியை முதன்முதலில், 1888இல், பால் எர்லிக் எழுதி வைத்ததும் கர்ப்பிணியான ஓர் இளம்பெண்ணிடம் கண்டுதான். கர்ப்பத்தின்போது தோன்றிப் பிரசவத்தோடு விலகியதும் உண்டு. விலகாமல் நின்றதும் உண்டு. அக்காலத்தில் நாங்கள் செய்யக்கூடியது ரத்தம் ஏற்றுவது ஒன்றே. புருஷனும், அவன் தம்பிமாரும், அவளிடம் படித்து வளர்ந்து ஆளான பையன்களும் வரிசையில் நின்று கொடுத்தார்கள். பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை, வார்டே அதிரும்படி அழுதது. தாயின் மஜ்ஜை மட்டும் விழித்துக்கொள்ளவே இல்லை. அவளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தாயின் ரத்தத்தில் உள்ள குறை, அவளைவிட்டுக் குழந்தையிடம் போய் வெளிப்படுவதும் உண்டு. 1962இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி மருத்துவர்கள், பி பன்னிரண்டு என்னும் வைட்டமின் போதாத தாய்மாரின் பாலை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளை வர்ணித்தார்கள். சில மாதங்கள் சிரித்து விளையாடிய குழந்தை பிறகு சோம்பி, கற்ற அசைவுகளை மறந்து, தோல் கருத்து, கைகால் நடுங்கும், ரத்தமும் குறையும். பாலும் முட்டையும் மாமிசமும் எட்டாத வீடுகளில் இது நேர்கிறது. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, மந்தமாயிருக்கிறது என்று குழந்தையைக் கொண்டுவரும் தாயிடம், அவள் நாக்கைக் காட்டும்படி நான் கேளாமல் விட்டதில்லை.

உத்தியோகத்தின் பிற்பகுதியில் நீலகிரியின் மேற்குச் சரிவிலுள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு நான் மாற்றப்பட்டேன். மழைக்காலத்தில் ஒருநாள், பணியர் குலத்துப் பெண் ஒருத்தியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். ஆறாம் மாதம். முழங்காலிலும் முதுகெலும்பிலும் தாங்கொணாத வலி, கண்கள் மஞ்சள், முகம் வெளுப்பு. அவள் வேலை செய்த தோட்டத்தில், மழை வந்தால் வலி வலி என்று படுத்துக்கொள்ளும் சோம்பேறி என்று அவளுக்குப் பெயர் கட்டி, கூலியையும் பிடித்திருந்தார்கள். உடன் வந்த அவள் தாயின் பேச்சை எங்கள் ஆயா எனக்குப் புரியவைத்தாள்: "சின்ன வயசிலேருந்தே இப்படித்தான் அம்மா, குளிர் வந்தா எலும்பு குத்தும்னு அழுவாளாம்."

லேமனும் கட்புஷும் 1952இல் நீலகிரி மலைவாசிகளிடையே அரிவாளணுத் தன்மையைக் கண்டறிந்து எழுதியதை நான் படித்திருந்தேன். அதற்குரிய பரீட்சை எளியது. ஒரு சொட்டு ரத்தத்தோடு, அப்போதே கரைத்த சோடியம் மெட்டாபைசல்ஃபைட் நீரைச் சேர்த்து, மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடி, காற்றுப் புகாதபடி ஓரங்களை வாஸலினால் அடைத்துவிட வேண்டும். அந்த மருந்து பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் பார்த்தபோது அணுக்கள் வட்டவட்டமாகவே இருந்தன. அரைமணி நேரம் கழித்துக் கண்ணை வைத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக அவை நீண்டு, வளைந்து, இரு நுனியும் கூராகி, கதிரறுக்கும் அரிவாள்களாக நின்றன. பிராணவாயு குறையும்போதெல்லாம் அவள் உடம்பிலும் இதுவே நடந்து, வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துக்கொண்டு வலியை உண்டாக்கி, சீக்கிரத்தில் சிதைந்து சோகையையும் உண்டாக்கின. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறை வந்தால் இந்த வியாதி. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், வியாதியில்லை என்பதோடு, கொடிய மலேரியாவைத் தாங்கும் சக்தியும் கிடைக்கிறது. மலேரியா தலைமுறை தலைமுறையாக ஆண்ட வயநாட்டுக் காடுகளில் இத்தன்மை தங்கிவிட்டதன் காரணம் அதுவே.

அவளுக்கு வேண்டியிருந்தவை கதகதப்பு, ஏராளமான நீர், வலிக்கு மருந்து, சமயத்தில் ரத்தம். ஓய்வில்லாமல் உழைக்கும் மஜ்ஜைக்குத் துணையாக அதே மஞ்சள் மாத்திரை. வலி தணிந்ததும் தோட்டத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். இது சோம்பலன்று, பிறவியிலேயே வந்த ரத்த வியாதி என்றும், குளிர்மழையில் அவளை வேலைக்கு நிறுத்தலாகாது என்றும், பிடித்த கூலியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கண்டிப்பாக எழுதினேன். கூலி வந்தது. பிரசவ காலம்வரை அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டோம். எடை குறைந்த ஆண் குழந்தையைப் பெற்று, பிரசவத்துக்குப் பின் வந்த நெஞ்சுவலியையும் ஜுரத்தையும் தாண்டி அவள் பிழைத்தாள்.

1970இல் அரசாங்கம் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய மாத்திரையில் அறுபது மில்லிகிராம் இரும்போடு அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருந்தது. அந்த அரை மில்லிகிராமைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. ஆனால் மாத்திரையைக் கையில் கொடுத்ததும் கடமை முடிந்தது என்று எண்ணும் போக்கு அதன்கூடவே வளர்ந்தது எனக்குச் சம்மதமில்லை. என்னிடம் பயில வந்த பெண்களிடம் நான் ஓயாமல் வற்புறுத்தியது, மருந்துண்டும் ரத்தம் ஏறாதவளைக் கடிந்துகொள்ளுமுன் அவள் ரத்தத்தைத் தகட்டில் பூசிப் பாருங்கள் என்பதே. ஆகாரத்தைப் பற்றிக் கேட்கும்போது வீட்டு மனிதர் எவரும் அருகில் இருக்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அந்தப் பணியப் பெண் மறுபடி வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் தயங்கியபடி அவள் தங்கை. தங்கைக்கு நான்காம் மாதம். கண்ணில் அதே இளமஞ்சள். அக்காளே அவள் விரலைப் பிடித்து என் பக்கம் நீட்டினாள். வில்லையின் ஓரத்தை வாஸலினால் அடைத்துவிட்டு, அரைமணி நேரம் ஆவதற்குள், ரத்தம் கொடுக்கக்கூடிய சொந்தக்காரர்கள் யார் யார், எந்தெந்தப் பாடியில் இருக்கிறார்கள் என்று ஆயாவைக்கொண்டு கேட்டு எழுதத் தொடங்கினேன்.